நிரப்பாமல் கிடக்கும் கட்டம்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் இருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்மேல் குறை சொல்ல வேண்டாம்.

யுத்தம் முடிந்த வருடத்தின் கடைசி மாதங்கள். என் கம்பியூட்டரில் தமிழ் எழுத்துகள் எல்லாம் பூச்சி ஊர்ந்ததுபோல ஆகிவிட்டன. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இந்த வேலை தெரிந்தவன் றுமைஸ் ஒருவன்தான். கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கம்பியூட்டர் வேலை பார்ப்பவன். என்னை ராத்தா என்று கூப்பிடுவான்; எங்கள் ஊரில் அது அக்கா முறை. எழுத்தைச் சரிப்படுத்திவிட்டு, சரிவந்ததா என்று பார்க்க என் கதைகளில் மூன்றைத் திறந்து வாசித்தான். மூன்றும் சுனாமிக் கதைகள். சாய்ந்தமருதில் இருந்து எழுதுகிறவளுக்கு வேறு என்ன கதை வாய்க்கும்?

வாசித்துவிட்டு, "ராத்தா, இது மூணும் ஒரே டெம்ப்ளேட்தானே?" என்றான்.

"என்ன செல்லுறாய்?"

"பாருங்க. மூணுலயும் காலையில கடல் உள்ள போகுது. ஒரு புள்ள செருப்பெடுக்கத் திரும்பி ஓடுது. கடைசியில வேலியில ஒரு சாரித் துண்டு. பேரையும் ஒழுங்கையையும் மட்டுந்தான் மாத்தியிரிக்கீங்க. சுகமான வேலதான்."

வந்த கோபத்தில் அவனுடைய தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்துப் போட்டேன். "நீ மட்டும் என்ன பெரிய புதினமா செய்யிறாய்? உன்ட ஒபிஸிலயும் டெம்ப்ளேட் டெம்ப்ளேட்டெண்டுதானே நாள் முழுக்கக் கதைக்கிறாய்" என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அதுதான் ராத்தா இப்பப் பிரச்சின" என்றான்.

பிறகு பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை கதைத்துக்கொண்டிருந்தான். கீழே வருவது அது.

[ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். றுமைஸின் மனைவி நஸீறாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்ற அவன் சம்மதிக்கவில்லை.]

2

முதல் தொடக்கம்:

"அன்று ஞாயிற்றுக்கிழமை. நஸீறா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கடல்—"

இதோ, கடல் வந்துவிட்டது. அவன் சொன்னது சரிதான் என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்துகிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

"கலியாணமாகி, புதுப்பெண்ணாக நஸீறா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது—"

இது இன்னும் மோசம். எங்கள் ஊரில் பெண் கலியாணமாகி எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவர். வீடு அவளுடையது, வாப்பாவும் அண்ணன்மாரான காக்காமாரும் அவளுக்காகக் கட்டியது. இது எனக்குத் தெரியாததா? நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். எங்கேயோ வாசித்த கதைகளின் வாக்கியம் ஒன்று, யாரையும் கேட்காமல், தானாக வந்து என் கையில் உட்கார்ந்துகொண்டது. அடித்துவிடலாம். ஆனால் உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டுவைக்கிறேன்.

[இப்படித்தான் பிழைகள் நடக்கின்றன. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை.]

3

மூன்றாம் தொடக்கம். கதை மாதிரியே இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பட்டியல் இருந்தது. பள்ளிவாசலில் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, முகாமில் ஒன்று, வெளிநாட்டுக்காரர்களிடம் ஒன்று. நூஹு என்ற ஒரே ஆள் ஒன்றில் நூகு லெப்பை, இன்னொன்றில் வெறும் லெப்பை, மூன்றாவதில் "ஸியானாவின் வாப்பா". இவை எல்லாவற்றையும் வாரியெடுத்து, பிழை நீக்கி, ஆளுக்கொரு வரியாக்கி, ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைத் தொகுதியைத்தான் றுமைஸின் அலுவலகத்தில் பெக்கேஜ் என்கிறார்கள். முதலில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு பெக்கேஜைப் புதிதாகக் கட்டினார்கள். கிழமைக் கணக்கில், வாரம் வாரமாக, இழுபட்டது. அதுவரை சனம் வெயிலில் நின்றது.

பிறகுதான் டெம்ப்ளேட் வந்தது. பெருநாளுக்கு அச்சுப் பலகாரம் சுடுகிற மாதிரி. அச்சு ஒன்றுதான், மாவில் தோய்த்து எண்ணெயில் வைக்க வைக்க அதே பூ விழும். பட்டியலை வாசிப்பது, பெயர்களைப் பொருத்துவது, இரட்டிப்பைக் கழிப்பது எல்லாம் உள்ளே தயாராக இருக்கும். ஊரின் பெயரையும் பட்டியல் இருக்கும் இடத்தையும் மாற்றினால் போதும். மருதமுனைக்கும் பொத்துவிலுக்கும் ஊருக்கொரு பின்னேரத்தில் பெக்கேஜ் முடிந்தது. இதைக் கேலி செய்யத்தான் நான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்தால் முகாமில் ஒரு குடும்பத்துக்குத் தகரக் கூரை சீக்கிரம் கிடைக்கிறது. அதில் என்ன கேலி வேண்டியிருக்கிறது.

அந்த டெம்ப்ளேட்டுக்குள் ஒரு விதி இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

நிலை "காணாமல் போனவர்" என்று இருந்தால், "இறந்தவர்" என்று மாற்று.

4

அந்த விதியைச் சந்தேகிக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடல் கொண்டுபோனவர் திரும்பி வரமாட்டார். அதை முதல் கிழமையிலேயே எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். அலுவலகத்தை அமைக்கக் கொழும்பில் இருந்து வந்த பொறியாளர் பள்ளிவாசலில் போய்க் கேட்டிருக்கிறார்: மையித்து, அதாவது உடல், கிடைக்காதவர்களை என்னவென்று போடுவது? "மௌத்துத்தான், வேறென்ன" என்று, இறந்தவர் என்றே, சொல்லியிருக்கிறார்கள். அவர் விதியை எழுதினார். பிழையான கேள்வியும் அல்ல, பிழையான பதிலும் அல்ல.

றுமைஸ் அப்போது அந்த அலுவலகத்தில் இல்லை. கலியாணமாகிப் புதுசு. பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போயிருந்தான். நஸீறா கடற்கரைப் பக்கத்து வீட்டில், தன்னுடைய வீட்டில், இருந்தாள். அவன் வந்து சேர்ந்தபோது அவளுடைய உம்மாவையும் வாப்பாவையும் அடக்கியிருந்தார்கள். நஸீறா கிடைக்கவில்லை.

அந்தத் தேடலைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தா, வெள்ளைத் துணி, கால் விரல்கள். எல்லாம் முந்தைய மூன்று கதைகளிலும் இருக்கின்றன. எடுத்துவிட்டேன். அவன் தேடினான், கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, கடல் கொண்டுபோன எல்லாருக்குமாகச் சேர்த்து காயிப் ஜனாஸாத் தொழுதார்கள். மையித்து முன்னால் இல்லாமல் தொழுகிற தொழுகை அது. றுமைஸ் நடு வரிசையில் நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவரும் அழுதார், முன்னால் நின்றவரும் அழுதார். "ஊரோட ஊரா நிண்டன் ராத்தா" என்றான். பிறகு எங்கள் ஒழுங்கைக்கு, தன் உம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தான். பெண் வீட்டைக் கடல் கொண்டுபோனால் மாப்பிள்ளைக்கு வேறு போக்கிடம் ஏது? கொண்டுவர ஒரு பெட்டியும் இல்லை.

சில மாதம் கழித்துத்தான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தான். டெம்ப்ளேட்டை அவன் பொறுப்பில் விட்டார்கள். பெயர் பொருத்தும் பகுதியைத் திருத்தினான். வேகத்தைக் கூட்டினான். அந்த ஒரு விதியை மட்டும் தொடவில்லை. அது அங்கே இருப்பது தெரியும். அதற்குள் யார் இருக்கிறாள் என்பதும் தெரியும்.

5

இனி வசந்தினி. தம்பிலுவில்காரி. இவளை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: நான் இவளைக் கண்டதில்லை.

கண்டிராத ஒருத்தியை எழுத உட்கார்ந்தபோது என் கை முதலில் செய்தது இது:

"தலைவிரி கோலமாக அலுவலகத்துக்குள் ஓடிவந்து, கடுதாசியைக் கிழித்து மேசையில் எறிந்து—"

வாசித்துக் காட்டினேன். "அவ சத்தமே போடல்ல ராத்தா" என்றான் றுமைஸ். "குடைய வாசல்ல வெச்சிட்டு, இரிக்கட்டா எண்டு கேட்டுத்தான் இரிந்த."

இன்னொரு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். தமிழ்ப் பெண், முஸ்லிம் உத்தியோகத்தன், இவன் வேண்டுமென்றுதான் தன் புருசனைச் செத்தவனாகப் போட்டான் என்று அவள் நினைக்கிறாள், ஊரில் பிரச்சினை வெடிக்கிறது. அந்தக் கதைக்கும் எங்கள் கரையில் அச்சுத் தயாராக இருக்கிறது. எத்தனையோ பேர் அதில் சுட்டுச் சுட்டு எடுத்துவிட்டார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. ஆகையால் அதையும் விட்டேன்.

நடந்தது இதுதான். வசந்தினியின் புருசன் சுஜீபன் மேசன் வேலைக்காரன். சமாதான காலத்தில் வன்னியில் கட்டட வேலை நிறைய என்று குடும்பத்தோடு போனவன். திரும்பவும் யுத்தம் தொடங்கி, பாதை மூடப்பட்டது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக ஓடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பவில்லை. அவள் மகளோடு வவுனியா முகாமில் இருந்து, பிறகு தம்பிலுவிலுக்கு விடப்பட்டாள். பதிவில் உண்மையைத்தான் சொன்னாள்: புருசன் காணாமல் போனவர்.

வன்னியில் இருந்து எங்கள் கரைக்குத் திரும்பிய குடும்பங்களுக்காக அவசரமாக ஒரு பெக்கேஜ் கேட்டார்கள். டெம்ப்ளேட் இருக்கும்போது என்ன கவலை. ஊரின் பெயரை மாற்றினார்கள், பட்டியலின் இடத்தை மாற்றினார்கள், ஒரு பின்னேரத்தில் முடிந்தது. மேலதிகாரி றுமைஸின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த கிழமை வசந்தினிக்கு அழைப்பு வந்தது: விதவைகளுக்குத் தையல் மெஷின் கொடுக்கிறோம், வந்து கையெழுத்து வையுங்கள்.

அவள் வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது என்று றுமைஸ் சொன்னான்.

"தம்பி, என்ட மனிசன் செத்தெண்டு ஆரு சொன்ன?"

"ஆரும் செல்லல்ல அக்கா. அது... கம்பியூட்டரில அப்பிடி விழுந்திட்டு."

"கம்பியூட்டருக்கு ஆரு சொன்ன?"

அவன் பட்டியலை இன்னொரு தடவை திறந்தான்.

"நான் சண்டைக்கு வரல்ல தம்பி. கம்பியூட்டருக்கு ஆராவது சொல்லித்தானே இரிப்பாங்க. அந்த ஆளக் காட்டுங்க, அது போதும். எங்க கண்ட, எப்பிடிக் கிடந்த எண்டு நான் போய்க் கேக்கிறன்."

அவளுக்கு அது செய்தி. எங்கேயோ, யாரோ ஒருவர் சுஜீபனைக் கடைசியாகக் கண்டிருக்கிறார். அவர் சொல்லித்தான் இந்த அலுவலகத்துக்கே தெரிந்திருக்கிறது. அப்படி நம்பிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். யாரும் காணவில்லை, யாரும் சொல்லவில்லை, சாய்ந்தமருதுக் கடலுக்காக எழுதிய ஒரு விதி உன் புருசனையும் சேர்த்துக் கொன்றுவிட்டது என்று றுமைஸ் எப்படிச் சொல்வான்? கடைசியில் அதைத்தான் சொன்னான். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. அவள் ஒன்றைத்தான் கேட்டாள்:

"அப்ப ஆரும் காணல்லயா?"

"இல்ல அக்கா."

"நல்லம்" என்றாள். பிறகு, "நல்லமா என்னெண்டும் தெரியா" என்றாள்.

மெஷினைப் பற்றி அவன் கேட்டான். காணாமல் போனவர்களின் மனைவிமாருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை, விதவை என்று கையெழுத்து வைத்தால்தான் கொடுப்பார்கள். அதையும் மறைக்காமல் சொன்னான்.

"மெஷின் வேணுந்தான் தம்பி. தைக்கத் தெரியும். ஆனா கையெழுத்து வெச்சா நானே செத்தெண்டு சொன்னதாப் போயிரும். நாளைக்கு அவரு வந்து, நீயாடி என்னயச் சாக்காட்டின எண்டு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

குடையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, அதை மட்டும் மாத்திவிடுங்க என்று கேட்டுக்கொண்டாள். புருசனின் பெயருக்கு நேரே இருக்கிற அந்தச் சொல்லை.

6

[இந்த இடத்தில் ஒரு சின்னத் தொழில்நுட்பம். தாவிப் போகாதீர்கள், கதை இதற்குள்தான் இருக்கிறது.]

எல்லாப் பெக்கேஜுகளும் ஒரே டெம்ப்ளேட்டில் இருந்துதான் ஓடுகின்றன. சாய்ந்தமருதின் பழைய சுனாமிப் பெக்கேஜும் இன்னும் மாதாமாதம் ஓடுகிறது. வீட்டுத் திட்டம் முடியவில்லையே. விதியை வெட்டி எறிந்தால் சுஜீபன் காணாமல் போனவனாகத் திரும்பிவிடுவான். ஆனால் எங்கள் ஊரில் கடல் கொண்டுபோன எல்லாரும் அவனோடு சேர்ந்து திரும்பிவிடுவார்கள். மறுகலியாணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள், மரணச் சான்றிதழ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் குழம்பிப் போகும்.

ஆகையால் றுமைஸ் செய்ய வேண்டியதைச் செய்தான். விதியை ஒரு கேள்வியாக மாற்றினான். இனி ஒவ்வொரு பெக்கேஜும் ஓடத் தொடங்குமுன் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்: இங்கே காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளவா? ஆம், அல்லது இல்லை. எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் புது டெம்ப்ளேட் வேலைக்கு வரும்.

வன்னியில் இருந்து திரும்பியோர்: "இல்லை" என்று அடித்தான். மருதமுனை, பொத்துவில்: அந்தந்த ஊர்ப் பொறுப்பாளர்களிடம் கேட்டு "ஆம்" என்று அடித்தான். சாய்ந்தமருது அவன் பொறுப்பு. அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"அதில தானாகவே ஆமெண்டு விழுற மாதிரி விடலாமே?" என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று காட்ட.

"அப்பிடித் தானா விழ விட்டதாலதானே ராத்தா அந்த அக்காட மனிசன் மௌத்தான."



7

இதையெல்லாம் சொன்ன மறுநாள் பின்னேரம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் காலையில் பட்டியல் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போகிறது. அதற்குள் புது டெம்ப்ளேட் தயாராகாவிட்டால் பழையதுதான் ஓடும். சுஜீபன் இறந்தவனாகவே போய்ச் சேருவான், பிறகு அந்தச் சொல்லை எடுக்க வசந்தினி எத்தனை கந்தோர், எத்தனை அலுவலகப் படி, ஏற வேண்டுமோ.

கதைக்கு முடிவு தேடி நான் எழுதிவைத்திருந்ததை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: அவன் "ஆம்" என்று அடிக்கிறான். கண்ணீர் விசைப்பலகையில் விழுகிறது. [விசைப்பலகையில் கண்ணீர் விழுந்தால் பழுதாகிவிடும் என்றான்.]

முடிவு இரண்டு: அவன் "இல்லை" என்று அடிக்கிறான். மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் காணாமல் போனவர்கள் மட்டும்தான், இறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆமினா உம்மா கடல் கொண்டுபோன தன் பிள்ளைகளுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். இது அழகாக வந்திருந்தது. வாசித்துக்கொண்டு போகும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற ஆமினா உம்மாவிடம் இப்படி ஒரு விளையாட்டு விளையாட எனக்கு என்ன உரிமை?

முடிவு மூன்று: மேலதிகாரி வந்து—

"அவருக்குச் செல்லினா அடிச்சித் தருவாரு" என்றான் றுமைஸ். "அவருக்கு அது ஒரு சொல்லு. அதுதான் கேக்க விருப்பமில்ல."

"உனக்குத் தெரியுந்தானே தம்பி, அவ இல்லையெண்டு" என்று சொன்னேன். சொல்லக் கூடாததுதான்.

"தெரியும். எனக்கு விசரில்ல ராத்தா. ஊர் செல்லிச்சி, ஊர் தொழுதிச்சி, கம்பியூட்டர் மாத்திச்சி. எல்லாருஞ் செல்லியாச்சி. நான் ஒருக்காலும் செல்லல்ல. உம்மாட்டக்கூட, நஸீறாட வீட்ட கடல் எடுத்திட்டு எண்டுதான் செல்லியிரிக்கன். அவ மௌத்தெண்டு இந்த வாயால இண்டைக்கு வரைக்கும் வந்ததில்ல."

அவனுடைய போன் அடித்தது. எடுத்தான். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல், சத்தம் குறைவாக. "ஓம் அக்கா... ஓம், இண்டைக்கு முடியும்... நீங்க யோசிக்காதீங்க" என்றான். வைத்துவிட்டு லப்டொப்பை என் பக்கம் திருப்பினான்.

"நீங்க அடிங்க ராத்தா. நீங்க கதையில எத்தின பேரச் சாக்காட்டியிரிப்பீங்க. உங்களுக்குப் பழக்கந்தானே."

அவன் குத்திக் காட்டவில்லை. கேட்டான், அவ்வளவுதான். ஒருவரிடம் பாரம் தூக்கக் கை கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி.

8

என் கை போகவில்லை.

மூன்று கதைகளிலும் நான் கடலுக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் நானே பெற்றெடுத்தவர்கள். இவள் அப்படி அல்ல. கலியாணத்துக்கு முதல் கிழமை எங்கள் ஒழுங்கைக்கு வந்து, மாப்பிள்ளைக்கு எந்த மீனில் விருப்பம் என்று கூச்சமில்லாமல் என்னிடம் கேட்டுப் போனவள். பாரை என்று சொன்னேன். அதை எழுதவே இல்லை இதுவரைக்கும், எந்தக் கதையிலும்.

எனவே முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுதாமல் விடவும் முடியாது, காலையில் பட்டியல் போகிறது. லப்டொப்பை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். சாய்ந்தமருதுக்கான கட்டத்துக்குள் கோடு மின்னிக்கொண்டிருக்கிறது. "ஆம்" என்ற சொல் போதும். அதை அடித்தால் சுஜீபன் தண்ணீர் எடுக்கப் போனவனாகத் திரும்பவும் ஆகிவிடுவான். நஸீறா மௌத்தாகிவிடுவாள்.

சுணங்காதீர்கள். றுமைஸ் யன்னல் பக்கமாகத் திரும்பி நிற்கிறான். அடித்து முடிந்ததும் அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.